அம்மாவைக் கீழே அழைத்துப் போவதா, படிக்குக் கம்பி போடுவதா?

எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே 31 படிகள். கோத்தகிரியிலிருந்து அரவேணு போகும் வழியில் தேயிலைச் சரிவுக்குள் இறங்கும் படிகள். அப்பா இருந்த காலத்தில் கல்லும் சிமென்ட்டுமாகத் தன் கையால் போட்டது. ஒரு படி ஆறு அங்குலம் என்றால் அடுத்தது எட்டு அங்குலம் இருக்கும். கூடலூர், தேவாலா பக்கம் ஆடியில் கொட்டுகிற மழை எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். அப்படி ஒரு மழைநாள் சாயங்காலம் ரேஷன் பையோடு இறங்கி வந்த அம்மா, கடைசிக்கு முந்தின படியில் விழுந்தார். அவருக்கு வயது 73. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் வந்துவிட்டார். "பாப்பா, இனிமே அம்மா இங்க இருக்க வேணாம். நம்ம ஃப்ளாட்ல லிஃப்ட் இருக்கு, ஒரு மேடு பள்ளம் கிடையாது. பக்கத்துலயே ஆஸ்பத்திரி" என்றார். அம்மா கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில் போட்டபடி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "கீழ வந்தா நான் எங்க நடப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும், பிசியோதெரபிஸ்ட் சொன்னதையும், மூன்று மாதம் அம்மாவின் நடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மலையில் வயதானவர்களை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருக்கிற வீடுகள் நிறைய இருக்கும். எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: கோவைக்கு அழைத்துப் போவது, கையில் தடியோ வாக்கரோ கொடுப்பது, படியைச் சரிசெய்து கைப்பிடி போடுவது, பிடிமானம், அதாவது விழாமல் உடம்பைச் சமநிலையில் நிறுத்தும் திறன், திரும்பப் பயிற்சி செய்வது. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் அம்மா ஏன் விழுந்தார் என்று பார்க்க வேண்டும். "வழுக்கிடுச்சு" என்று சொல்லி முடித்துவிடலாம். அதே படியில் அதே மழையில் நானும் பல தடவை வழுக்கியிருக்கிறேன், விழுந்ததில்லை. வழுக்கிய பிறகு நடக்க வேண்டிய ஏதோ ஒன்று அம்மாவுக்கு நடக்கவில்லை.

சின்ன வயதில் விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்போம். விளக்குமாறு நிற்கும், ஆனால் கை ஆடிக்கொண்டே இருக்கும். நாம் நிற்பதும் அப்படித்தான். உடம்பு ஒவ்வொரு கணமும் கொஞ்சம் சாய்கிறது, மூளை அதைத் திருப்பி இழுக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற செய்தி மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து போகிறது: கண், உள்காது, பாதமும் கணுக்காலும். வயதாகும்போது மூன்றுமே மங்குகின்றன. ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். மூன்றும் சேர்ந்து மங்கும்போதுதான் தடுமாற்றம் வெளியே தெரிகிறது.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும், நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய இரண்டு பைகளும் இருக்கின்றன. தலை திரும்புவதையும் சாய்வதையும் உணர்வது அங்கே உள்ள மெல்லிய மயிர்ச் செல்கள். வயதோடு அவை குறைந்துகொண்டே போகும். பாதத்தில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்புகளும் மந்தமாகும், சர்க்கரை இருந்தால் இன்னும் வேகமாக. அம்மாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. "செருப்பு கழண்டது கூடத் தெரியல" என்று அவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதைக் கவனக்குறைவு என்று நினைத்துவிட்டோம். கண்ணைப் பொறுத்தவரை எழுத்துப் படிக்க முடிகிறதா என்பது மட்டும் போதாது. சாம்பல் நிறப் படியைச் சாம்பல் நிற மூடுபனியில் பிரித்துப் பார்க்கும் திறன் தனி, அதுவும் வயதோடு குறைகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழகுவதற்கும் அதிக நேரம் பிடிக்கும்.

செய்தி சரியாகவே போனாலும் வேலை செய்ய வேண்டியது தசை. கோத்தகிரி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களைப் பாருங்கள். வளைவில் பஸ் சாயும்போது இளம் பிள்ளைகள் கணுக்காலை மட்டும் அசைத்து நிமிர்ந்துவிடுவார்கள். நடுவயதுக்காரர்கள் இடுப்பை வளைத்துச் சமாளிப்பார்கள். அதிலும் முடியாதபோது ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும். வயதாக ஆகக் கணுக்கால் வேலையை இடுப்பு எடுத்துக்கொள்கிறது, கால் எடுத்து வைப்பதும் தாமதமாகிறது. தசை நார்களில் வேகமாகச் சுருங்குகிற வகை, மெதுவாகச் சுருங்குகிற வகை என்று இரண்டு உண்டு. முதுமையில் அதிகம் மெலிவது வேக நார்கள். அதனால்தான் அம்மாவால் மெதுவாக ஒரு மூட்டை விறகைத் தூக்க முடிகிறது, ஆனால் வழுக்கின காலை அரை நொடிக்குள் இழுத்து ஊன்ற முடியவில்லை. பலம் இருந்தது. வேகம் இல்லை.

அப்புறம் கூன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். சரிவில் நின்று, முன்னால் குனிந்து, முதுகில் பாரத்தோடு. அவருடைய கூனுக்கு அதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வெயிட்டே தூக்காதவர்களுக்கும் எலும்பு தேய்ந்து, முதுகெலும்பின் முன்பக்கம் அமுங்கி, கூன் விழுகிறது. முதுகைப் பிடித்து நிறுத்தும் தசைகளும் தளர்கின்றன. கூன் விழுந்தால் தலை முன்னால் போகும், உடம்பின் பாரம் பாதத்தின் முன்பகுதிக்கு வரும். விழாமல் இருக்க முழங்கால் மடங்கும், எட்டு சிறியதாகும். படி இறங்கும்போது பாரம் ஏற்கனவே முன்னால் இருப்பதால், பிடித்து நிறுத்த வேண்டிய தொடைத் தசைக்கு வேலை கூடும். வீட்டில் பார்ப்பதற்கு ஒரு எளிய வழி: குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்ட நிற்கச் சொல்லி, பின்தலை சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். அம்மாவுக்கு நான்கு விரல்கடை இடைவெளி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று அம்மா கடைசிப் படிகளில் இருந்தபோது, நான் அடுப்படியிலிருந்து "சர்க்கரை குடுத்தாங்களா?" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லத் திரும்பினார். 1997இல் ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேரைக் கவனித்தார்கள். நடந்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தால் சிலர் நின்றுவிட்டுத்தான் பதில் சொன்னார்கள். அப்படி நின்றவர்கள் 12 பேர், அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். இளமையில் நடை தானாக நடக்கும். முதுமையில் அதற்கும் கவனம் தேவைப்படுகிறது, அந்தக் கவனத்தைப் பேச்சு பங்குபோட்டுக்கொள்கிறது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு விதி இருக்கிறது: அம்மா படியில் இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது.

சரி, இனி வழிகளுக்கு வருகிறேன்.

கோவைக்குப் போவதைப் பற்றி அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கே 33 கிலோமீட்டர் மலைப்பாதை. ராத்திரியில் இடுப்பெலும்பு முறிந்தால், மழையில் மரம் விழுந்து ரோடு அடைத்திருந்தால், அந்த 33 கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். விழுவது அபூர்வமான விஷயமும் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களில் வருடத்துக்கு 28 முதல் 35 சதவீதம் பேர் விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எழுபதைத் தாண்டினால் அது 32 முதல் 42 சதவீதம்.

ஆனால் சமதளம் என்றால் விழமாட்டார்கள் என்பது சரியில்லை. வயதானவர்கள் விழுவதில் பெரும்பகுதி படியில் நடப்பதில்லை. வீட்டுக்குள்ளே, சமமான தரையில், படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவேதான் நடக்கிறது. அண்ணன் வீட்டில் பளபளப்பான டைல்ஸ். அம்மா ராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பார். இங்கே இருட்டில் எந்தச் சுவர் எங்கே என்று அவர் கைக்குத் தெரியும், அங்கே எல்லாம் புதிது. அண்ணனும் அண்ணியும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை அம்மா தனியாகத்தான் இருக்க வேண்டும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு. பிடிமானம் என்பது உபயோகித்தால் இருக்கும், விட்டால் போய்விடும். 2007இல் ஓர் ஆய்வில், சராசரி வயது 67 உள்ள ஆரோக்கியமான 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. ஃப்ளாட்டுக்குப் போவது படுக்கையில் கிடப்பதாகாதுதான். ஆனால் இங்கே அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது 31 படி ஏறி இறங்குகிறார், தோட்டத்தில் குனிந்து கீரை பறிக்கிறார், தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கிவிட்டு எழுந்திருக்கிறார். கேட்காமலே நடக்கிற பயிற்சி இது எல்லாம். லிஃப்டும் சோபாவும் மேடைச் சமையலறையும் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடும். அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி.

மழைக்காலம் மூன்று மாதம் மட்டும் கீழே, மற்ற நாள் இங்கே என்று அண்ணி ஒரு நடுவழி சொன்னார். அன்போடு சொன்னதுதான். என் கருத்தில் எல்லாவற்றிலும் அதுதான் மோசமான வழி. மூன்று மாதம் படியே ஏறாமல் இருந்துவிட்டு, தை மாதக் குளிரில் திரும்பி வந்து முதல் நாளே 31 படி இறங்க வேண்டியிருக்கும்.

எப்போது கீழே போவது சரி? தனியாக எழுந்து நிற்க முடியாத நிலை வந்தால். ஞாபகம் தடுமாறி, அடுப்பை மறந்து, வழியை மறக்க ஆரம்பித்தால். வாரம் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரி தேவைப்பட்டால். பகலில் வீட்டில் யாருமே இல்லாவிட்டால். இவற்றில் ஒன்று இருந்தாலும் நானே பெட்டியைக் கட்டுவேன். எங்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை. என் மகள் மதியமே பள்ளியிலிருந்து வந்துவிடுவாள், பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்.

தடியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருந்தது எனக்கு. வலிக்கிற காலின் பக்கமே தடி பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எதிர்ப் பக்கக் கையில் பிடிக்க வேண்டுமாம், அப்போதுதான் பாரம் வலிக்கிற காலிலிருந்து விலகும். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம் வலது முழங்காலில். ஆகவே தடி இடது கையில். வீங்கியிருந்ததோ அந்த இடது மணிக்கட்டு. அதனாலேயே தடி எங்கள் வரிசையில் பின்னால் போனது. தடியின் உயரம் செருப்புப் போட்டு நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரை. தோட்டத்தில் வெட்டின கம்பை மார்பு உயரத்துக்குப் பிடித்து நடக்கிறவர்களை இங்கே நிறையப் பார்க்கலாம். பாரத்தைத் தாங்கும் தடியாக அது பயன்படாது, தோளைத்தான் தூக்கிவிடும். அடியில் ரப்பர் தேய்ந்துவிட்டால் தடியே வழுக்கும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற காலும் தடியும் முதலில்.

நாலு கால் தடி, வாக்கர் இரண்டையும் மருந்துக்கடையில் எடுத்துக் காட்டினார்கள். சமமான தரையில் நல்ல பொருட்கள். சரிவில் நாலு கால் தடியின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடாது, ஊன்றும்போதே ஆடும். வாக்கரைப் படியில் கொண்டுபோகவே முடியாது, சக்கரம் வைத்தது இறக்கத்தில் முன்னால் ஓடும். மலை வீட்டுக்கு வாக்கர் என்றால் வீட்டுக்குள் மட்டும். எங்கள் வீட்டில் அதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. ஒற்றைத் தடி போதும், அதுவும் கை ஆறின பிறகு, கடைத்தெருவுக்குப் போகும்போது.

கம்பிதான் உடனே பலன் தந்தது. அம்மா விழுந்து இரண்டாவது வாரத்தில் வெல்டரைக் கூப்பிட்டோம். இதில் கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

கைப்பிடியின் தடிமன் முக்கியம். கை முழுக்கச் சுற்றிப் பிடிக்க 32 முதல் 38 மில்லிமீட்டர் நல்லது. கடையில் ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் என்று கேட்டால் அதன் வெளி விட்டம் சுமார் 34 மில்லிமீட்டர் இருக்கும், சரியாகப் பொருந்தும். வெல்டர் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று இரண்டு இஞ்ச் சொன்னார். அது அழகாக இருக்கும், ஆனால் வயதான கைக்குள் அடங்காது, விழும்போது பிடி நழுவும். இரண்டு பக்கமும் போட வேண்டும், ஏனென்றால் ஏறும்போது வலது பக்கம் இருப்பது இறங்கும்போது இடது பக்கம் ஆகிவிடும். அம்மாவுக்கோ அப்போது இடது கையால் பிடிக்க ஆகாது. படி முனையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரம் வைத்தோம். நடுவில் எங்கேயும் அறுபடக் கூடாது. மிக முக்கியம், கடைசிப் படியோடு நிறுத்தாமல் அதைத் தாண்டி ஒரு அடி நீள வேண்டும். அம்மா விழுந்த இடத்தை நினைத்துப் பாருங்கள், கடைசிக்கு முந்தின படி. படி முடிந்துவிட்டது என்று கால் நினைத்துக்கொள்கிற இடம் அதுதான். கம்பி இன்னும் போகிறது என்று கைக்குத் தெரிந்தால் காலும் காத்திருக்கும்.

யாரும் சொல்லாத ஒன்று, குளிர். மார்கழிக் காலையில் இரும்புப் பைப்பைத் தொட்டால் சுரீர் என்று கை பின்வாங்கும். முதல் வாரம் அம்மா கம்பியைப் பிடிக்காமலே இறங்கியதற்கு அதுதான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி, பிளந்து, பைப் முழுக்க இறுக்கிச் சுற்றினோம். இப்போது குளிரவும் இல்லை, மழையில் வழுக்கவும் இல்லை.

படிகளை மொத்தமாக இடித்துக் கட்டப் பணம் இல்லை. அடுத்தடுத்த படிகளின் உயரம் ஒரு சென்டிமீட்டர்கூட மாறக் கூடாது என்பார்கள். முதல் இரண்டு மூன்று படியில் கால் அளவு எடுத்துக்கொண்டு பிறகு அதே கணக்கில் இறங்குவதால், நடுவில் ஒன்று மாறினால் கால் ஏமாறும். எங்கள் படிகளில் மிக மோசமான ஐந்தை மட்டும் சிமென்ட் பூசிச் சரிசெய்தோம். பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, வழுவழுப்பான இடங்களை உளியால் கொத்திவிட்டோம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட், இரண்டு விரல் அகலம். மூடுபனியில் வித்தியாசம் உடனே தெரிகிறது.

பயிற்சி மெதுவாகப் பலன் தருவது. ஆனால் நான்கில் எதை ஒருபோதும் விடக் கூடாது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கம்பி வீட்டுப் படியில் மட்டும்தான் இருக்கிறது. கோத்தகிரி மார்க்கெட்டில் இல்லை, பஸ்ஸில் ஏறும் இடத்தில் இல்லை. பயிற்சி அம்மாவோடு எல்லா இடத்துக்கும் போகும், ஒரு நாள் கோவைக்குப் போனாலும் கூடவே போகும்.

2019இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 108 சோதனைகளை, 23,000க்கும் மேற்பட்ட முதியவர்களைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. பிடிமானப் பயிற்சியோடு தசை வலுவூட்டலும் சேர்ந்தபோது 34 சதவீதம் வரை. வெறும் நடைப்பயிற்சிக்கு அப்படி உறுதியான பலன் தெரியவில்லை. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, "நட, நட" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. விழாமல் இருக்க, விழும் எல்லை வரை உடம்பைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பயிற்சி வேண்டும். எங்கள் பக்கம் விடியற்காலையில் கரடியும் காட்டெருமையும் ரோட்டில் நிற்பதால், எட்டு மணிக்கு முன்னால் நடை என்பதே கிடையாது. ஆகவே வீட்டுக்குள் செய்கிற பயிற்சி எங்களுக்கு இன்னும் பொருத்தம்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், வீட்டிலேயே. அதன் சோதனைகளில் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அதே வகைப் பயிற்சிகளைத்தான் கற்றுக்கொடுத்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, பிறகு முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை ஒட்ட வைத்து நடப்பது. பக்கவாட்டில் நடப்பது, பின்னால் நடப்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. கணுக்காலில் அரை கிலோ மணல் தைத்த துணிப்பையைக் கட்டி முழங்காலை நீட்டி மடக்குவது. கூனுக்கு, சுவரில் முதுகைச் சாய்த்துத் தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது. எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் பிடிக்க ஏதாவது இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பலன் நின்றுவிட்டது என்று அர்த்தம், இரண்டு கைப் பிடியை ஒரு கையாக, ஒரு கையை ஒரு விரலாகக் குறைக்க வேண்டும்.

தரையில் விழுந்தால் எழுந்திருப்பதையும் சொல்லிக்கொடுத்தார். பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முதலில் ஊன்றி எழ வேண்டும். விழுந்து பல மணி நேரம் தரையிலேயே கிடப்பதுதான் சிலருக்கு விழுந்ததைவிடப் பெரிய கேடாகிறது. இதைப் பழகிய பிறகு அம்மாவின் பயம் பாதியாகிவிட்டது. பயம் சின்ன விஷயமில்லை. விழுந்த முதல் மாதம் அவர் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு, பாதத்தையே பார்த்தபடி, சின்னச் சின்ன எட்டாக நடந்தார். அப்படி நடப்பதே மறுபடி விழ வைக்கும்.

அளந்து பார்க்காமல் எதுவும் தெரியாது. மகள் போனில் நேரம் பார்த்துக் குறித்தாள். கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது? 70 முதல் 74 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். அம்மா முதலில் எட்டு, இப்போது பதினொன்று. எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் அதிகம் என்பார்கள். 14 இருந்தது 11 ஆகியிருக்கிறது. ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 வினாடி நிற்பது மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை. நான்கிலிருந்து எட்டுக்கு வந்திருக்கிறது.

நான்கு வழிகளுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய சில காரியங்களும் உண்டு, பெரும்பாலும் செலவே இல்லாதவை. படுத்த நிலையில் ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் நிற்கும்போது தலை கிறுகிறுக்கும். அம்மாவுக்கு 24 இறங்கியது. மருத்துவர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும். படுக்கையில் புரளும்போது மட்டும் வீடே சுற்றினால் அது உள்காதுத் துகள் இடம் மாறியதாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியும், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. கீழ்ப்பாதியில் படிக்கும் கண்ணாடி உள்ள இரட்டைக் கண்ணாடியோடு படி இறங்கினால் காலடி மங்கலாகத் தெரியும். வெளியே அதிகம் நடமாடுகிறவர்களுக்குத் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி நல்லது. கண்புரை இருந்தால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சால்வையையும் சொல்ல வேண்டும். மலையில் குளிருக்குச் சால்வையை இரண்டு கையும் உள்ளே இருக்கச் சுற்றிக்கொள்வோம். வழுக்கினால் கை வெளியே வரவே வராது. இப்போது அம்மாவுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர். ரேஷன் பையும் கையில் இல்லை, தோளில் மாட்டுகிற பை.

எங்கள் முடிவு இதுதான். கம்பியும் படியும் முதலில், அதே நாளில் பயிற்சி ஆரம்பம், கை ஆறியதும் ஒற்றைத் தடி. கோவை இப்போது இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே மூன்று சோதனைகளைச் செய்து எண்களை அண்ணனுக்கு அனுப்புகிறோம். இரண்டு தடவை தொடர்ந்து எண்கள் மோசமானாலோ, இன்னொரு தடவை விழுந்தாலோ மறுபடி உட்கார்ந்து பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். பொங்கலுக்கு வந்தபோது அண்ணன் தானே கம்பியைப் பிடித்து ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். கழிவறைக்குள் மட்டும் இன்னும் கைப்பிடி போடவில்லை. ஹாலோ பிளாக் சுவர், சாதாரண போல்ட் பிடித்தால் பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சுவருக்கு மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கித் தருவதாக வெல்டர் சொல்லியிருக்கிறார். வரும் வாரம் வருகிறார்.